காது மட்டம்

மார்ச் 3
பையனுக்கு விடியற்காலைத் தலைவலி. தலைக்குள் ஷண்ட் இருக்கிறது: மூளைநீரை வயிற்றுக்கு வடிக்கும் டியூப். வாந்தி எடுத்ததும் கொஞ்சம் தணிகிறது. பேதி இல்லை, வயிற்று வலி இல்லை. எழுப்பினால் எழுகிறான், உடனே கண்ணை மூடிக்கொள்கிறான். வாந்தியைவிட இந்தத் தூக்கம்தான் உறுத்துகிறது.

மார்ச் 4
சி.டி.யை மட்டும் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. நன்றாக இருந்தபோது எடுத்த பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் மூளைக்குள் நீர் தங்கும் அறைகள் புடைத்திருப்பது தெரிகிறது. ஷண்ட் அடைத்தும் அறைகள் புடைக்காத தலைகளும் உண்டு. ஆகவே "படம் நார்மல்" என்பதோடு விட்டுவிட முடியாது. தலை, கழுத்து, மார்பு, வயிறு எக்ஸ்ரேயில் டியூப் எங்கும் அறுபடவில்லை.

காதுக்குப் பின்னால் இருக்கும் ஷண்டின் குமிழை வீட்டில் அழுத்தி அழுத்திப் பார்ப்பது வேண்டாத வேலை. அடைப்பா இல்லையா என்பதை அது நம்பும்படி சொல்லாது. உறிஞ்சும் வேகத்தில் உள்முனைத் துளைக்குள் திசு இழுபடவும் கூடும்.

மார்ச் 5
லேசான காய்ச்சல். ஷண்ட் வைத்து 6 வாரம்தான். குமிழில் மெல்லிய ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். வெள்ளணுக்கள் அதிகம்: தொற்று.

மார்ச் 6
கிருமியின் பெயர் ஸ்டாஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். எல்லார் தோலிலும் இருப்பதுதான். சிலிக்கான் மேல் படலம் கட்டி உட்கார்ந்துவிட்டால் மருந்து ஊடுருவாது. முழு ஷண்டையும் எடுத்துவிட்டு, மூளைநீரை உடலுக்கு வெளியே கிண்ணத்தில் சொட்டவிடும் வடிகால்.

மார்ச் 7
நாள் முழுக்க ஒரே வேலை: மட்டம். வடிகாலின் பூஜ்யம் காதுத் துளைக்கு நேரே. சொட்டும் கிண்ணம் அதற்கு மேலே, டாக்டர் எழுதிய 15 செ.மீ.யில். கட்டிலை ஒரு பிடி உயர்த்தினால்கூடக் கணக்கு மாறிவிடும்: தலை ஏறினால் அதிகம் வடியும், இறங்கினால் நின்றுபோகும். ஆகவே தூக்குவதற்கு, திருப்புவதற்கு, உட்காரவைப்பதற்கு முன்னால் வடிகால் டியூபை அடைக்கும் கிளாம்பை மூடு. பிறகு மட்டம் பார். பிறகு மறக்காமல் திற. மூடியே விட்டுவிடுவதும் அதே அளவு ஆபத்து. மணிக்கு மணி அளவு, நிறம். பெரியவர்களுக்கே மூளைநீர் மணிக்கு 20 மி.லி. அளவில்தான் ஊறுகிறது.

மார்ச் 8
மணிக்கு 9, 11, 10 மி.லி. தெளிவு.

மார்ச் 9
கிளாம்பைத் திறந்தபடியே நிமிர்த்தி உட்காரவைத்திருக்கிறார்கள். சில நிமிடத்தில் 25 மி.லி.! உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் தணிகிறது; 3ஆம் தேதி வலிக்கு நேர் எதிர். வேகமாக வடிந்தால் மூளை உள்வாங்கும், மேலே பாலம்போல ஓடும் சிரைகள் இழுபட்டு அறுந்து ரத்தம் கட்டும். மறுபடி சி.டி. ரத்தக் கசிவு இல்லை.

மட்டம். மட்டம். மட்டம்.

மார்ச் 12
3 நாளாக கல்ச்சர் (நீரில் கிருமி வளர்கிறதா என்ற சோதனை) சுத்தம். க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் போன்ற கிருமி முளைக்க 10 நாள்கூட ஆகும் என்பதால் தட்டை இன்னும் எறியவில்லை. அடுத்து வைக்கப்போகும் ஷண்டின் வால்வு காந்தத்தால் அழுத்தம் மாற்றும் வகையாம். அப்படியென்றால் ஒவ்வொரு எம்.ஆர்.ஐ.க்குப் பிறகும் அளவைச் சரிபார்க்க வேண்டும்.

மார்ச் 13
10, 10, 9.

மார்ச் 14
காலை 6 மணி: 8. 7 மணி: 2. மட்டம் சரி, கிளாம்ப் திறந்திருக்கிறது, மடிப்பு எங்கும் இல்லை. ஆனால் டியூபில் நாடித்துடிப்போடு ஆடும் நீர் ஆடவில்லை. கிண்ணத்தைச் சற்று இறக்கிப் பார்த்தார்கள். சொட்டவில்லை.