சோக் கம்பி சுட்டது: 96 மாடல் மாருதி 800, செல்ஃப் எடுக்காத மூன்று வாரம்

வண்டி எழுந்துவிட்டது. நேற்று சாயங்காலம், அதுவும் சூடாக இருக்கும்போதே, முதல் சாவியில். மூன்று வாரம், ஒரு புது பேட்டரி, இன்ஜினைச் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டாருக்கு ஒரு ஓவர்ஹால், வீட்டில் வாங்கிய வசவு எல்லாம் போக, கோளாறு இருந்தது ஒரு சாண் நீளச் செம்புப் பட்டையில். முதல் ஞாயிற்றுக்கிழமையே நான் கழற்றிப் பார்த்து, "இது நல்லாத்தான் இருக்கு" என்று திரும்ப மாட்டிய அதே பட்டை. அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

96 மாடல் 800. கார்புரேட்டர், கேபிள் கிளட்ச், டேஷ்போர்டில் இழுக்கிற சோக் (ஆறிய இன்ஜின் எடுப்பதற்குப் பெட்ரோல் கலவையைக் கூட்டுவது). பதினைந்து வருட ஆர்சி எப்போதோ முடிந்து, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்து ஓட்டுகிறேன். மதுரை திருநகரிலிருந்து திருமங்கலம் போய் வருவதுதான் அதற்கு அதிகபட்ச வேலை. காலையில் ஒழுங்காக எடுக்கும். திருமங்கலத்தில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஒரு 'டக்', அத்தோடு சரி. சில நாள் 'டகடகடக'. நாலு பேர் தள்ளி, இரண்டாம் கியரில் கிளட்ச்சை விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். ஆக பெட்ரோலிலும் கரண்டிலும் குறையில்லை, செல்ஃப்தான் சுற்றவில்லை. இதுவரைக்கும் நான் யோசித்தது சரி.

அதற்கப்புறம் யோசிக்கவில்லை, செலவழித்தேன். பேட்டரி நாலு வருடப் பழசு என்பதால் முதல் பழி அதன் மேல் விழுந்தது. புதுசு போட்டு இரண்டு நாள் நன்றாக ஓடியது, மூன்றாம் நாள் 'டக்'. அடுத்து செல்ஃப் மோட்டாரை இறக்கிக் காளவாசல் பக்கம் ஒருவரிடம் கொடுத்தேன். கார்பன், புஷ் மாற்றி, மேஜை மேல் வைத்தே ஓட்டிக் காட்டினார். "சத்தம் கேட்டுச்சாண்ணே? இனிமே அங்கிட்டு இங்கிட்டு பாக்க வேணாம்." அவர் வேலையில் குறை சொல்ல முடியாது, பழைய கார்பன் உண்மையிலேயே தேய்ந்துதான் இருந்தது. மாட்டினேன். அன்று சாயங்காலமே 'டக்'.

இந்த இடத்தில் என் மகள் வருகிறாள். பானட்டுக்குள் நான் தலையை விட்டிருக்க, அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, நான் "ம்" என்றால் சாவியைத் திருப்ப வேண்டும். ஏழெட்டுத் தடவை திருப்பியிருப்பாள். "அப்பா, இந்த சோக்கு கம்பி சுடுதுப்பா, கை வைக்க முடியல" என்றாள். "வெயில்ல நின்ன வண்டி, சுடத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டேன். மணி அப்போது இரவு ஏழரை.

இப்போது அந்தப் பட்டைக்கு வருகிறேன். என் வண்டியில் பேட்டரி மைனஸிலிருந்து ஒரு வயர் பாடிக்குப் போகிறது. பாடியிலிருந்து ஒரு பின்னல் பட்டை கியர் பாக்ஸுக்கு. இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் அதற்கு எர்த் அந்தப் பட்டை வழியாகத்தான். முதல் ஞாயிறே அதைக் கழற்றினேன், லேசாகப் பச்சை பூத்திருந்தது. புளி போட்டுத் தேய்த்ததில் கார்த்திகைக்கு எடுத்துவைத்த குத்துவிளக்கு மாதிரி ஆனது. இரண்டு முனையிலும் மீட்டரை ஓம்ஸில் வைத்துத் தொட்டேன், 0.3. ப்ரோப் இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டினாலும் அதே 0.3. அப்படியென்றால் பட்டையில் தடை பூஜ்யம் என்று முடிவு கட்டினேன்.

முட்டாள்தனம் அங்கேதான். செல்ஃப் சுற்றும்போது நூறு ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். பாதையில் 0.07 ஓம் இருந்தால் போதும், ஏழு வோல்ட் அங்கேயே காலி. அந்த 0.07ஐ நம்ம மீட்டர் ஓம்ஸில் காட்டாது, ப்ரோப் வயரின் தடையிலேயே அமுங்கிப்போகும். டெஸ்ட் லாம்பு வைத்தாலும் ஏமாற்றும். சின்ன பல்பு அரை ஆம்பியர்கூட இழுக்காது, அதற்கு அந்தப் பட்டை ராஜபாட்டை. நூறு பேர் ஒரே நேரத்தில் போகும்போதுதான் சந்து குறுகல் என்று தெரியும். அதனால் லோடு கொடுத்து, அதாவது செல்ஃபுக்குக் கரண்ட் விட்டு, லோடு ஓடும்போதே வோல்ட் பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. வீட்டு வயரிங்கில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், வண்டி என்று வந்ததும் மறந்துபோனேன்.

போன சனிக்கிழமை செய்தேன். சூடாக இருந்தால்தான் வம்பு செய்யும் என்பதால், திருப்பரங்குன்றம் மலையைச் சுற்றி ஒரு ரவுண்டு போய்விட்டு வாசலில் நிறுத்தினேன். மீட்டர் டிசி வோல்ட்டில். ப்ரோபைக் கையில் பிடிக்கவில்லை, இரண்டு முனையிலும் முதலைக் கிளிப். டிஜிட்டல் மீட்டர் எண்ணைப் புதுப்பிப்பதற்குள் சொலினாய்டு (செல்ஃபுக்குக் கரண்டை இணைக்கிற சுவிட்ச்) விட்டுவிடுகிறது, அதனால் பரணிலிருந்த முள் மீட்டரைத்தான் எடுத்தேன். முள் எங்கே போய் நிற்கிறது என்பது ஒரு விநாடியிலேயே தெரிந்துவிடும். மகள் சாவி, நான் மீட்டர்.

பேட்டரி கம்பத்துக்குக் கம்பம்: 11.6. புது பேட்டரி கல் மாதிரி நிற்கிறது. ஹெட்லைட் போட்டுக்கொண்டே சாவியைத் திருப்பினால் லைட் லேசாகக்கூட மங்கவில்லை என்பதை நான் முதல் வாரமே பார்த்தேன். அதையும் குறித்துக்கொள்ளவில்லை.

பேட்டரி பிளஸிலிருந்து செல்ஃபின் தடித்த போல்ட் வரை வழியில் வீணாவது: 0.3. பரவாயில்லை.

பேட்டரி மைனஸிலிருந்து பாடி: கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜின் பிளாக்: 6.8.

கிளிப் நழுவிவிட்டதோ என்று மூன்று தடவை பார்த்தேன், அதே 6.8. அங்கே 0.2, மிஞ்சிப்போனால் 0.3தான் இருக்க வேண்டும். 11.6இல் 0.3உம் 6.8உம் போக, பாவம், செல்ஃபுக்குக் கிடைத்தது 4.5 வோல்ட். அதை வைத்துக்கொண்டு அது 'டக்' என்றாவது சொன்னதே பெரிய விஷயம். மறுநாள் காலையில் வண்டி ஆறியிருக்கும்போது பார்த்தால் 0.9. அதுவே அதிகம்தான், ஆனாலும் செல்ஃப் சுற்றிவிட்டது.

சனிக்கிழமைக்கே திரும்புகிறேன். ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து, பேட்டரி மைனஸிலிருந்து நேராக இன்ஜினைத் தூக்கும் கொக்கியில் மாட்டினேன். "ம்" என்றேன். பாதிச் சுற்றில் பிடித்துக்கொண்டது. மகள் ஹாரன் அடித்தாள், எதிர் வீட்டு நாய் குரைத்தது.

அப்புறம்தான் சோக் கம்பி மண்டையில் உறைத்தது. பட்டை வழி அடைத்துப்போனால் கரண்ட் சும்மா இருக்குமா, வேறு வழி தேடும். இன்ஜினையும் பாடியையும் இணைக்கிற இரும்பு வேறென்ன இருக்கிறது? சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள். செல்ஃபுக்கான கரண்டில் ஒரு பங்கு அந்த ஒல்லிக் கம்பிகள் வழியாக ஓடினால் ஹீட்டர் மாதிரி சூடாகத்தானே செய்யும். ஏழரை மணி இருட்டில் எந்த வெயிலைச் சொன்னேன் என்று மகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பட்டையின் முனையில் போல்ட் மாட்டுகிற லக்கை பிளையரால் பிடித்து இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. மேலே பளபளப்பு, கிரிம்ப் செய்த, அதாவது இழைகளை நுழைத்து நசுக்கிய குழலுக்குள் முழுக்கக் களிம்பு. தட்டினால் பச்சைப் பொடி கொட்டுகிறது. மொத்தப் பின்னலில் ஏழெட்டு இழைதான் உயிரோடு இருந்திருக்கும். புளி அந்தக் குழலுக்குள் எங்கே போயிருக்கப் போகிறது?

புதுப் பட்டைக்கு வெளி வீதியில் இரண்டு கடை ஏறினேன். ரெடிமேடாக இருந்தது, ஆனால் கையில் வாங்கினால் காற்று மாதிரி கனமே இல்லை. கடைசியில் இன்வெர்ட்டருக்கு பேட்டரி வயர் அடித்துத் தருகிற ஒருவரிடம் போனேன். 25 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வெல்டிங் கேபிள், செம்பு லக், ஹைட்ராலிக் கிரிம்பரில் என் கண் முன்னாலேயே அழுத்திக் கொடுத்தார். வெல்டிங் கேபிளில் இழை மெல்லிசு, இன்ஜின் ஆட்டத்துக்கு வளைந்து கொடுக்கும். வீட்டு வயரிங் கம்பியை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சீக்கிரமே ஒடிந்துவிடும். லக் உட்காரும் இடத்தில் பெயின்டை உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, நட்சத்திர வாஷர் வைத்து முறுக்கிவிட்டு, மேலே வாசலின் பூசினேன். முறுக்கிய பிறகுதான் பூச வேண்டும், முன்னாலே இல்லை.

சூடாக இருக்கும்போது இப்போது 0.15. இன்னொரு லாபம்: இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.3க்கு மேல் ஏறாமல் இருந்தது, இப்போது 14.1 நிற்கிறது. ஆல்டர்னேட்டர் கரண்டும் அதே பட்டை வழியாகத்தானே திரும்ப வேண்டும். பழைய பேட்டரி பாவம் பட்டினியில் கிடந்திருக்கிறது. அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தும் விட்டேன், இனி அழுது பயனில்லை. அடுத்து ஹெட்லைட்டுக்கு ரிலே போடும் திட்டம், அதற்கும் இதே 25 ஸ்கொயரில் மிச்சம் இருக்கிறதே என்று கை பரபரக்கிறது. ஆனால் அது இந்த வேலைக்கு ரொம்பத் தடிமன், 4 ஸ்கொயரே தாராளம்.

ஒரு வெட்கக்கேடு பாக்கி. ஆறு மாதத்தில் இரண்டு கிளட்ச் கேபிள் போயிருந்தது. உள்ளே பிளாஸ்டிக் உருகி, பெடல் இறுகி, கடைசியில் இழை பிரிந்து அறுந்தது. டூப்ளிகேட் கொடுத்துவிட்டார் என்று கடைக்காரரிடம் வாயில் வந்ததெல்லாம் பேசியிருந்தேன். திங்கள்கிழமை போய் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப அன்னிக்கு நீங்க வெச்ச சத்தத்துக்கு நான் என்னண்ணே பண்றது?" என்றார். டீ சொன்னேன். குடித்தார். கேபிளுக்கு ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

கிளட்ச் கேபிள் மாட்டியாயிற்று. சோக் கேபிள் மட்டும் டிக்கியில் கிடக்கிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் அந்த நட்டைப் பிடிக்க என் கை நுழையவில்லை, மகள் கை நுழையும். வெள்ளிக்கிழமை பரீட்சை முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள், ஜிகர்தண்டா கணக்கில்.