ஆர் கேட்டது?

“ஆர் தம்பி கேட்டது?” என்றுதான் சொன்னேன். பழைய வாடிக்கையாளர் ஒருவரின் இணையத்தளத்தைப் புதிய சேர்வருக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். தளத்தின் பெயரை அதன் முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவுகளை நிரப்பும்போது, “அண்ணை, ஐபிவி6 முகவரியையும் போட்டுவிடுவமே?” என்றான் என்னோடு வேலை செய்யும் தம்பி. அதற்குத்தான் அந்தப் பதில். ஐபிவி6 என்பது இணையத்தில் கணினிகளுக்குக் கொடுக்கும் புதிய, நீளமான முகவரி முறை; பழையது ஐபிவி4.

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “எச்டிடிபிஎஸ்ஸும் ஒருத்தரும் கேட்கேல்லைத்தானே. குரோம் சொன்ன பிறகுதானே ஓடியோடிப் போட்டனீங்கள்” என்றான்.

அதுவும் உண்மைதான். 2018 ஜூலையில் குரோம் 68 வந்து, எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பு இல்லாத தளமெல்லாம் பாதுகாப்பில்லாதது என்று முகவரிப் பட்டையிலேயே எழுதத் தொடங்கியது. உடனே கடைக்காரர்கள் ஃபோன் எடுத்தார்கள். கனடாவிலிருக்கும் மகன் பார்த்துவிட்டுச் சொன்னானாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 கடைசியிலிருந்தே அதற்கு வேண்டிய சான்றிதழைச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தது. சும்மா கிடைத்தபோது வராத அவசரம், மானம் போகிறது என்றதும் வந்துவிட்டது.

ஐபிவி6இல் மானம் போக வழியே இல்லை. 1998இலேயே வரையறுத்தாயிற்று. 2012 ஜூன் 6இல் கூகுளும் ஃபேஸ்புக்கும் அதை நிரந்தரமாகத் திறந்துவிட்டன. ஆனால் ஒரு தளத்தில் அது இல்லையென்றால் பிரவுசர் மூச்சுக் காட்டாது. பேசாமல் ஐபிவி4 வழியாகப் போய்விடும். பிழையாகப் போட்டால்தான் வில்லங்கம். சிலருக்கு மட்டும் தளம் இழுபடும், எங்கள் அலுவலக இணைப்பில் ஐபிவி6 இல்லாததால் எங்களுக்கு அது தெரியவும் வராது. கண்ணில் படாத கோளாறுக்கு நான் எப்படிப் பொறுப்பெடுப்பது? இந்தக் காரணம் இன்றைக்கும் சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் வாயில் வந்தது இது இல்லையே. கேட்டதை மட்டும் செய்து கொடுப்பதென்றால் எங்களிடம் ஏன் வருகிறார்கள்? கேட்காததற்கெல்லாம் பில் போட்டால், யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் வேறு ஆட்களா இல்லை?

சரி, எங்கள் சொந்தத் தளத்தில் போட்டுப் பார் என்று விட்டேன். தளத்துக்கு வந்துபோனவர்களைப் பதியும் லொக்கில் 2607 என்று தொடங்கும் நீள முகவரிகள் வந்தன, வட அமெரிக்கப் பக்கத்தவை. அங்கே டி-மொபைல் மாதிரி நிறுவனங்கள் ஃபோனுக்கு ஐபிவி6 மட்டுமே கொடுத்து, ஐபிவி4 தளங்களுக்குப் போவதை நடுவில் மாற்றி அனுப்புகின்றன.

“உவை முந்தியும் வந்தவைதானே?” என்றேன்.

“இப்ப நேரா வருகினம், அண்ணை.”

அதனால் எத்தனை மில்லிசெகண்ட் மிச்சம் என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டேன். கொட்டேஷனில் ஐபிவி6 என்ற வரியை இன்னும் சேர்க்கவுமில்லை.