500க்கும் 990க்கும் நடுவே

ஒரு சர்வருக்கு அப்டேட் வருகிறது என்பது ஒன்று. வர வேண்டிய அப்டேட் வருகிறது என்பது வேறொன்று. முதலாவது திரையிலேயே தெரிந்துவிடும். இரண்டாவதை யாராவது பொறுமையாக உட்கார்ந்து சரிபார்த்தால்தான் உண்டு. வடசென்னையில் ஒரு கன்டெய்னர் யார்டின் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. இந்த வேறுபாட்டை எனக்குப் புரியவைத்தவை டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் மென்பொருள் மூலங்களுக்கு, அதாவது மென்பொருளும் அப்டேட்டும் இறங்கிவரும் இடங்களுக்குத் தரப்படும் முன்னுரிமை எண்கள். அவற்றைப் பற்றித் தமிழில் விரிவாகப் பேச வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

எங்கள் யார்டு மணலிப் பக்கம் இருக்கிறது. துறைமுகத்திலிருந்து பெட்டிகளை ஏற்றிவரும் டிரெய்லர்கள் இரவு பகல் பாராமல் வரும். வாயிலில் பெட்டி எண், சீல் எண், எடை மூன்றும் பதிவாகிச் சீட்டு அச்சானால்தான் வண்டி உள்ளே நகரும். அந்தப் பதிவுகள் ஒரு டெபியன் சர்வரில் சேர்கின்றன. எடைமேடையில் இன்னொரு டெபியன் கணினி இருக்கிறது. இவற்றில் எது நின்றாலும் சாலையில் வரிசை நீளும். எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வரிசைக்குப் பின்னால் பஸ்ஸில் சிக்கியிருந்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடசென்னையைப் புரட்டிப்போட்டது. எண்ணூர்ப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் புகுந்தது. எங்கள் அலுவலகத்தின் தரைத்தளத்திலும் தண்ணீர் ஏறியது. சர்வர் மாடியில் இருந்ததால் தப்பியது. கீழே அதற்குத் துணையாக வைத்திருந்த கணினி போய்விட்டது. அதற்குப் பதிலாக வாங்கிய இயந்திரத்தில் சர்வரில் இருந்த அதே டெபியன் 11, அதாவது புல்ஸ்ஐ பதிப்பையே நிறுவினோம். யார்டு மென்பொருள் அந்தப் பதிப்பில்தான் சோதிக்கப்பட்டிருந்தது.

என்னுடன் பணிபுரியும் தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவர் இரண்டு இயந்திரங்களிலும் நிறுவப்பட்டிருந்த தொகுப்புகளின் (டெபியனில் மென்பொருள் வந்து சேரும் பொதிகளின்) பட்டியலை எடுத்து ஒப்பிட்டார். நான் கேட்காமலே அவர் செய்த வேலை அது.

"அண்ணா, இரண்டும் புல்ஸ்ஐதானே? இரண்டிலும் அப்டேட் முடிந்துவிட்டது என்றுதான் காட்டுகிறது. பிறகு ஏன் பட்டியல் ஒத்துப்போகவில்லை?" என்று கேட்டார்.

பெயர்கள் ஒத்துப்போயின. பதிப்பு எண்ணின் வாலில் வரும் 'டெப்11யூ' என்ற குறிக்குப் பிறகுள்ள எண்தான் சில தொகுப்புகளில் வேறாக இருந்தது. புதிய இயந்திரத்தில் எண் கூடுதல், பழையதில் குறைவு. அந்தச் சின்ன எண்தான் ஒரு தொகுப்பில் எத்தனை முறை திருத்தம் சேர்ந்திருக்கிறது என்பதைச் சொல்வது. பல ஆண்டுகளாக ஓடும் சர்வர், நேற்று நிறுவிய இயந்திரத்தைவிடப் பின்தங்கியிருந்தது.

டெபியனில் தொகுப்புகளை இறக்கி நிறுவுவது ஆப்ட் என்ற கருவி. காரணத்தை அதன் 'ஆப்ட்-கேஷ் பாலிசி' என்ற கட்டளை காட்டிக்கொடுத்தது. டெபியன் கணினியைப் பராமரிக்கும் எவரும் முதலில் கற்க வேண்டிய கட்டளை இதுதான் என்பேன். தொகுப்பின் பெயர் எதுவும் தராமல் இட்டால், கணினிக்குத் தெரிந்த மூலங்கள் எவை, ஒவ்வொன்றுக்கும் என்ன முன்னுரிமை என்று வரிசையாகச் சொல்லும். ஒரு தொகுப்பின் பெயரைக் கொடுத்தால், அது எந்தெந்த மூலத்தில் எந்தெந்தப் பதிப்பில் கிடைக்கிறது, அடுத்து எது நிறுவப்படும் என்று சொல்லும்.

ஆப்ட் முடிவெடுக்கும் முறை எளிமையானது. சாதாரண மூலம் ஒவ்வொன்றுக்கும் 500. கணினியில் ஏற்கெனவே இருக்கும் பதிப்புக்கு 100. எண் பெரிதாக உள்ள மூலமே வெல்லும். எண்கள் சமமானால் புதிய பதிப்பு வெல்லும். 1000 அல்லது அதற்கு மேல் போனால் ஒழிய, இருக்கும் பதிப்பை இறக்கிப் பழையதை நிறுவாது. எதிர்மறை எண் கொடுத்தால் அந்த மூலத்திலிருந்து எதையும் எடுக்காது. இந்த எண்களை நாமே மாற்ற விரும்பினால் 'பிரிஃபரன்சஸ்' என்ற கோப்பிலோ, அதே பெயரோடு 'டாட் டி' சேர்ந்த அடைவிலுள்ள கோப்புகளிலோ எழுதலாம்.

எங்கள் சர்வரில் அப்படி எழுதியவர் எனக்கு முன் அந்த வேலையைப் பார்த்தவர். அப்போது அதில் டெபியன் 10, பஸ்டர் ஓடியது. அச்சு இயந்திரம் ஒன்றுக்காக, டெபியனின் அடுத்த பதிப்பு உருவாகும் 'டெஸ்டிங்' கிளையிலிருந்து ஒரு புதிய தொகுப்பு தேவைப்பட்டிருக்கிறது. அந்தக் கிளையைத் திறந்தால் மற்ற எல்லாத் தொகுப்புகளும் அங்கிருந்து பாய்ந்து வந்துவிடுமே என்று, பஸ்டர் என்ற குறிப்பெயருள்ள மூலத்துக்கு 990 கொடுத்திருக்கிறார். அக்கறையோடு செய்த வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்று அது பிழையாகவும் இல்லை. பஸ்டரில் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் மூலமும் அதே குறிப்பெயரைத்தான் தாங்கியிருந்தது; ஆகவே அதற்கும் 990 கிடைத்தது.

2021 ஆகஸ்டில் புல்ஸ்ஐ வந்தபோது டெபியன் திட்டம் அந்த ஏற்பாட்டை மாற்றியது. பாதுகாப்பு மூலத்துக்கு 'புல்ஸ்ஐ-செக்யூரிட்டி' என்று தனிக் குறிப்பெயர் வந்தது. முன்னுரிமை எண்களை எழுதி வைத்திருப்பவர்கள் அவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். நான் சேர்வதற்கு முன்பே நடந்த அந்த மேம்படுத்தலில், கோப்பில் பஸ்டர் என்றிருந்த இடத்தில் புல்ஸ்ஐ என்று மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். முதன்மை மூலத்துக்கு 990 தொடர்ந்தது. பாதுகாப்பு மூலம் 500க்கு இறங்கியது. அங்கே எவ்வளவு புதிய திருத்தம் வந்து நின்றாலும், 990 உள்ள பழைய பதிப்பே ஆப்டின் கண்ணுக்குப் பட்டது.

இதில் என்னை மிகவும் உலுக்கியது இன்னொன்று. டெபியன் சில மாதங்களுக்கு ஒருமுறை, 11.7, 11.8 என்று இடைவெளியீடு ஒன்றைத் தரும். அதுவரை சேர்ந்த பாதுகாப்புத் திருத்தங்களில் பெரும்பாலானவை அப்போது முதன்மை மூலத்துக்குள் வந்துவிடும். ஆகவே எங்கள் சர்வருக்கு அப்டேட் அடியோடு நின்றிருந்ததில்லை. அவ்வப்போது ஒரு கட்டாக வந்தது. பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே தோன்றும். பாதுகாப்பு ஓட்டை ஒன்று அறிவிக்கப்பட்ட நாளுக்கும் அந்தக் கட்டு வந்து சேரும் நாளுக்கும் இடையில் சர்வர் திறந்தே கிடந்திருக்கிறது. பிழைச்செய்தி ஒன்றுகூட இல்லை. ஆப்டைக் குறை சொல்லவும் முடியாது. எழுதிக் கொடுத்ததை அது அப்படியே செய்தது.

சரிசெய்யப் பல வழிகள் உண்டு. பாதுகாப்பு மூலத்துக்கும் 990 கொடுக்கலாம். முதன்மை, அப்டேட்ஸ், செக்யூரிட்டி மூன்றையும் ஒரே வரியில் பிடிக்கும் வடிவக் கோவை (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) எழுதலாம். வெளியீட்டுக் குறிப்பும் அப்படி ஒன்றைத் தருகிறது. நான் 990ஐயே எடுத்துவிட்டேன். புல்ஸ்ஐயின் மூலங்கள் அனைத்தையும் இயல்பான 500க்கு விட்டு, அதற்கு வெளியிலிருந்து வந்த டெஸ்டிங் கிளைக்கு எதிர்மறை எண் கொடுத்து, வேண்டிய அந்த ஒரு தொகுப்புக்கு மட்டும் பெயர் சொல்லி அனுமதி எழுதினேன்.

நம்முடையதை உயர்த்தினால், நம்முடையவை எவை என்று ஒன்று விடாமல் எண்ணிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பெயர் விட்டுப்போனால் அது சத்தமில்லாமல் பின்தள்ளப்படுகிறது. வெளியிலிருந்து வருவதைத் தாழ்த்தும்போது அந்தத் தொல்லை இல்லை. யார்டு வாயிலில் ஒரு நிறுவனத்தின் பெட்டிக்கு கேட் பாஸ் கொடுத்தால், அந்த நிறுவனத்தின் எல்லாப் பெட்டிகளும் அதைக் காட்டி உள்ளே வந்துவிட முடியாது. நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட அந்தப் பெட்டி எண்ணுக்குத்தான் பாஸ். மென்பொருள் மூலத்துக்கும் அப்படித்தான் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கருத்து உறுதிப்பட இன்னொரு நிகழ்வும் காரணம். எடைமேடைக் கணினியில் மென்பொருள் தந்தவர்கள் தங்களுடைய மூலத்தைச் சேர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அதில் அவர்களுடைய தொகுப்போடு, டெபியனிலும் இருக்கும் ஒரு நூலகத்தின் (மற்ற மென்பொருள்கள் பயன்படுத்திக்கொள்ளும் பொது நிரல் தொகுதியின்) புதிய பதிப்பும் இருந்தது. இரண்டு மூலங்களுக்கும் 500. ஆகவே புதியது வென்றது. ஒரு மாலை வழக்கமான அப்டேட்டில் அந்த நூலகம் மாறியது. எடைச் சீட்டு அச்சாவது நின்றது. வாயிலில் இருந்த பெரியவர் கார்பன் தாளை எடுத்து வைத்துக்கொண்டு கையாலேயே சீட்டு எழுதி வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் இருந்ததால் வரிசை சாலைக்கு வரவில்லை.

அந்த மூலத்தை நீக்கியது மட்டும் போதவில்லை. நீக்கினாலும் புதிய நூலகம் கணினியிலேயே தங்கிவிடும். ஆப்ட் தானாகப் பின்னோக்கிப் போகாது. டெபியனின் பதிப்புக்கு 1001 கொடுத்து அந்த நூலகத்தைத் திரும்ப இறக்கி, வேலை முடிந்ததும் அந்த வரியை அழித்தோம். 1001ஐக் கோப்பில் தங்கவிடக் கூடாது. ஒரு நூலகம் என்பதால் தப்பித்தோம். தரவுத்தளம் போன்றவற்றில் கீழிறங்கினால் பழைய பதிப்பால் புதிய கோப்புகளைப் படிக்க முடியாமல் போகலாம்.

பிறகு அந்த மூலத்தைத் திரும்பச் சேர்த்தபோது, அதன் இணைய முகவரியைக் குறிப்பிட்டு எல்லாத் தொகுப்புகளுக்கும் எதிர்மறை எண், எடைமேடைத் தொகுப்புக்கு மட்டும் 500 என்று எழுதினோம். எதிர்மறைக்குப் பதிலாக 100 போதும் என்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது: அந்தத் தொகுப்புக்குத் தேவையான துணைத் தொகுப்பு அந்த மூலத்தில் மட்டுமே இருந்தால், எதிர்மறை எண் நிறுவலையே மறுத்துவிடும். நான் அந்த மறுப்பைத்தான் விரும்புகிறேன். மறுக்கும்போது எது தேவைப்படுகிறது என்று பெயரோடு சொல்கிறது. நாம் பார்த்து, வேண்டுமானால் இன்னொரு வரி சேர்க்கலாம். சத்தமாக மறுக்கும் கணினியோடு வேலை செய்வது எளிது.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த எண்கள் தீய நோக்கமுள்ள மூலத்திடமிருந்து காப்பாற்றாது. ஒரு தொகுப்பை நிறுவும்போது அதனுள் இருக்கும் நிறுவல் நிரல்கள் ரூட் அதிகாரத்தோடு, அதாவது கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடுகின்றன. நம்பாத இடத்திலிருந்து ஒரே ஒரு தொகுப்பை அனுமதித்தாலும் கணினியையே கையில் கொடுத்ததாகத்தான் பொருள். எண், நல்லெண்ணம் உள்ளவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு.

கோப்பு எழுதுவதில் சிறு நுணுக்கங்கள் உண்டு. 'டாட் டி' அடைவில் வைக்கும் கோப்புக்கு 'பிரெஃப்' என்ற பின்னொட்டு இருக்கலாம், அல்லது பின்னொட்டே இல்லாமல் இருக்கலாம். 'கான்ஃப்' என்று முடித்தால் ஆப்ட் அதைப் படிக்காது. 'எக்ஸ்ப்ளனேஷன்' என்று தொடங்கும் வரியில் விளக்கம் எழுத ஆப்டே இடம் கொடுத்திருக்கிறது. பலரும் அதைப் பயன்படுத்துவதில்லை. எங்களிடம் இப்போது விளக்க வரி இல்லாமல் எந்த எண்ணும் இல்லை: எதற்காக இந்த வரி, எந்த டெபியன் பதிப்பின்போது எழுதியது, எப்போது இதை நீக்கலாம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். எனக்கு முன்னிருந்தவர் அச்சு இயந்திரத்துக்காக என்று ஒரு வரி எழுதியிருந்தால், அந்த இயந்திரத்தை மாற்றிய அன்றே யாராவது 990ஐ எடுத்திருப்பார்கள்.

சர்வர் இப்போது டெபியன் 12இல் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் 13, ட்ரிக்ஸி வெளிவந்துவிட்டது. யார்டு மென்பொருள் அதில் சோதிக்கப்பட்டதும் மாறுவோம். பெயரை மட்டும் மாற்றிக் கோப்பைத் தொடரப்போவதில்லை. முன்னுரிமைக் கோப்புகள் அனைத்தையும் முதலில் வெளியே எடுத்துவிடுவோம். மேம்படுத்தல் முடிந்ததும் தண்டையார்பேட்டைத் தம்பி பாலிசி கட்டளையின் வெளியீட்டை அச்செடுத்து, செக்யூரிட்டி மூலம் 500இல் நிற்கிறதா என்று பார்ப்பார். அதன் பிறகு விளக்க வரிகளைப் படித்து, இன்னும் தேவைப்படும் வரிகளை மட்டும் புதிதாக எழுதுவோம்.