பிரிவைத் தாண்டிய தடம்

ரீடிங்கில் இரைச்சல் வந்த சர்க்யூட் போர்டைப் பற்றிய கூட்டம். மேலாளர் கேட்டது போர்டைப் பற்றி மட்டும்தான்: கிரவுண்ட் பிளேனை, அதாவது மின்னோட்டம் திரும்பி வரும் செப்புத் தளத்தை, ஏன் இரண்டாகப் பிரித்திருக்கிறீர்கள்? நான் முந்திக்கொண்டு, வாடிக்கையாளர் கொடுத்த வரைபடத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். லேஅவுட் போட்ட, அதாவது போர்டில் பாகங்களுக்கும் தடங்களுக்கும் இடம் வகுத்த அண்ணன் முடிக்க விடவில்லை. "பிரிக்கச் சொன்னது அவர்கள். பிரிவைத் தாண்டி சிக்னலை ஓட்டியது நான்தான்" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. பிரிவு மட்டும் இருந்தால் பெரிய கெடுதல் கிடையாது. சிக்னல் அதைத் தாண்டும்போதுதான் திரும்பி வரும் மின்னோட்டம் நேர் வழியில்லாமல் சுற்றிக்கொண்டு வரும். அந்தச் சுற்றே ஒரு ஆன்டெனா. பக்கத்தில், மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்க 500 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆகி ஓடும் பக் கன்வெர்ட்டரின் காயில் வேறு. ஆனால் கனெக்டர் ஒரு பக்கம், சிக்னலை எண்ணாக மாற்றும் ஏடிசி மறுபக்கம். தாண்டாமல் அவர் எந்த வழியாகப் போயிருப்பார்?

இரைச்சலைப் பிடித்ததே ஒரு கூத்து. அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பில் முதலில் தெரிந்ததில் பாதி, அதன் அளக்கும் முனையான ப்ரோபின் நீளமான கிரவுண்ட் வயர் தானே வாங்கிக்கொண்டது. வயரைக் கழற்றிவிட்டு முனையில் சின்ன ஸ்பிரிங்கை மாட்டினோம், பாதி அடங்கியது. அப்புறமும் ரீடிங் மெல்ல ஏறி இறங்கியது. கன்வெர்ட்டர் சிப்பின் மேல் விரலை வைத்துச் சூடேற்றினால் அந்த அலையின் வேகம் மாறும். நாங்கள் ஏடிசியில் நொடிக்குப் பத்தாயிரம் மாதிரிகள் எடுக்கிறோம். 500 கிலோஹெர்ட்ஸ் அதன் சரியான மடங்கு. கன்வெர்ட்டரின் ஸ்விட்சிங் அந்த மடங்கிலேயே நிற்காமல் சற்றே விலகி அலைபாயும்; அந்த விலகல்தான் மெதுவான அலையாக வேஷம் போட்டு வந்தது. சராசரி எடுத்துச் சமாளிக்கலாம் என்றார்கள். மெதுவான அலையைச் சராசரி என்ன செய்யும்?

கடைசியில் பிரிவின் மேல் அகலமான செப்பு நாடாவை ஒட்டி, இரு பக்கமும் சால்டர் வைத்தோம். அலை படுத்துவிட்டது. அந்தப் படத்தைத்தான் கூட்டத்தில் போட்டேன்.

அன்று சாயந்திரம் சிங்கப்பூர் உபி வட்டாரத்துக் கோப்பிக் கடையில் அண்ணனிடம் கேட்டேன், "ஏண்ணே, நான் சொல்லியிருப்பேன்ல?"

"நீ சொன்னா என்னைக் காப்பாத்துறேன்னு நினைப்பாங்க தம்பி. நானே சொன்னா அதோட முடிஞ்சுது." பால் சேர்க்காத கோப்பி ஓவை ஆற்றிக் குடித்தார். கோபமா, பெருந்தன்மையா, முப்பது வருஷப் பழக்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவரும் பேசியிருக்க மாட்டாரோ என்றும் தோன்றுகிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தானே வேண்டும் என்றும் தோன்றுகிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. அவ்வளவு அகலமான நாடா பிரிவை இணைத்ததோடு, காயிலின் காந்தப்புலத்தையும் ஓரளவு மறைத்திருக்கும். புது போர்டில் பிரிவை எடுத்தோம், காயிலையும் தள்ளி வைத்தோம். இரைச்சல் போய்விட்டது, எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பழைய போர்டில் நாடாவை உரித்து, சிக்னல் ஓடும் தடத்தை ஒட்டி ஒரு குட்டைக் கம்பியால் இணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அண்ணனிடம் சொன்னேன். "தெரிஞ்சு? மறுபடி மீட்டிங் போடுவாங்களா?" என்றார்.

காயிலை அங்கே வைக்கச் சொன்னது மெக்கானிக்கல் குழு. உறையில் அந்த உயரத்துக்கு அங்கேதான் இடம். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அண்ணனிடம் மட்டும் ஒவ்வொரு லேஅவுட் ரிவ்யூவிலும் மேலாளர், "பிரிவைத் தாண்டலையே?" என்கிறார். இவரும் "இல்லை" என்கிறார். நாங்கள் கிரவுண்டைப் பிரிப்பதையே விட்டுவிட்டோம்.