13 நாளில் எட்டு ஆட்டம்: ஹாக்கிக்காரர்களின் கால் வலு

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய ஆண்கள் ஹாக்கி அணி 13 நாட்களுக்குள் எட்டு ஆட்டங்கள் ஆடியது. ஆகஸ்ட் 1 அன்று பெல்ஜியத்திடம் தோல்வி. மறுநாளே ஆஸ்திரேலியாவை 3-2 என வென்றார்கள். ஒலிம்பிக்கில் அந்த அணியை வென்றது 1972-க்குப் பிறகு அதுதான் முதல்முறை. காலிறுதியில் 17வது நிமிடத்தில் அமித் ரோகிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மிச்சமிருந்த 43 நிமிடமும் பத்துப் பேரை வைத்தே பிரிட்டனை 1-1 என நிறுத்தி, ஷூட் அவுட்டில் ஜெயித்தார்கள். கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் தடுப்புகளைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அந்தக் கால்களைப் பற்றியும் பேச வேண்டும்.

தினமும் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடினால் ஸ்டாமினா வந்துவிடும் என்று இன்னும் பல பயிற்சியாளர்கள் நம்புகிறார்கள். ஹாக்கிக்கு அது போதவே போதாது. ஆட்டக்காரர் சில நிமிடம் முழு வேகத்தில் ஆடுவார், வெளியே வருவார், மறுபடி உள்ளே போவார். முப்பது மீட்டர் பாய்ந்தவர் இருபது வினாடிக்குள் மறுபடி பாயத் தயாராக வேண்டும். யோ-யோ சோதனை அளப்பது இதைத்தான்: 20 மீட்டர் போய்த் திரும்பினால் 10 வினாடி இடைவெளி, பீப்புக்கு முன் கோட்டைத் தொடாமல் இரண்டாம் முறை தவறினால் வெளியே. ஒவ்வொரு முறையும் அதே தரை, அதே வகை ஷூ இருக்க வேண்டும். ஒரு மாதம் டர்ஃபிலும் (செயற்கைப் புல்தரை) அடுத்த மாதம் சிமென்டிலும் ஓடவிட்டால் இரண்டு எண்ணையும் ஒப்பிட முடியாது.

ஓட்டப் பயிற்சியை ஆளுக்கு ஏற்றபடி கணக்கிட எளிய வழி உண்டு. ஐந்து நிமிடத்தில் ஓட முடிந்த அதிகபட்ச தூரத்தை 300-ஆல், அதாவது அத்தனை வினாடிகளால், வகுங்கள். 1350 மீட்டர் ஓடியவருக்கு வினாடிக்கு 4.5 மீட்டர். அதில் 115 சதவீத வேகத்தில் 15 வினாடி ஓட்டம் என்றால் சுமார் 78 மீட்டர், பிறகு 15 வினாடி ஓய்வு. இப்படி எட்டு நிமிடம், மூன்று நிமிடம் இடைவெளி விட்டு இன்னொரு எட்டு நிமிடம். நடுவில் திரும்பி ஓட வேண்டியிருந்தால் தூரத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், ஒவ்வொரு திருப்பமும் வேகத்தைத் தின்னும். எல்லோருக்கும் ஒரே தூரம் வைத்தால் மெதுவானவர் உடைந்துபோவார், வேகமானவருக்கு அது வெறும் வார்ம்-அப்.

வலுவுக்கு ஸ்குவாட், அதாவது தோளில் எடைக் கம்பியை (பார்) வைத்து உட்கார்ந்து எழுவது: ஒரே ஒருமுறை தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் 85 சதவீதம், நான்கு செட், செட்டுக்கு நான்கு முறை, நடுவில் மூன்று நிமிட ஓய்வு. இன்னும் ஒன்றிரண்டு முறை தூக்க முடியும் என்ற நிலையிலேயே பாரை வைத்துவிட வேண்டும். குனிந்தே ஆடும் விளையாட்டு என்பதால் இடுப்புக்கு ருமேனியன் டெட்லிஃப்டும் (எடையைப் பிடித்தபடி இடுப்பை மடக்கிக் குனிந்து நிமிர்வது) தொடையிடுக்குக்கு கோபன்ஹேகன் பிளாங்க்கும் (பக்கவாட்டில் படுத்து, மேல் காலை பெஞ்சில் வைத்து உடலைத் தூக்கி நிறுத்துவது) கட்டாயம். பின்தொடைக்கு நார்டிக் பயிற்சி (மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்திருக்க, உடலை மெதுவாக முன்னால் சாய்ப்பது), இரண்டு செட், ஐந்து முறை. பழக்கமில்லாதவருக்கு ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு இதைக் கொடுத்தால் வலியோடுதான் களத்தில் இறங்குவார். ஒரே நாளில் எடையும் ஓட்டமும் இருந்தால் எடை முதலில், ஆறு மணி நேரம் கழித்து ஓட்டம்.

தொடர் தொடங்கியதும் ஜிம்மை மூடிவிடுவதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எடையைக் குறைக்காமல் செட்டுகளைப் பாதியாக்கி, வாரம் ஒருமுறையாவது தூக்க வேண்டும்.

அடுத்தடுத்த நாள் ஆட்டம் என்றால் சாப்பாடும் பயிற்சியில் சேர்த்திதான். 70 கிலோ ஆட்டக்காரர் ஆட்டம் முடிந்த முதல் நான்கு மணி நேரத்துக்கு மணிக்கு 70 முதல் 84 கிராம் வரை மாவுச்சத்து எடுக்க வேண்டும். 250-300 கிராம் சோற்றில் ஒரு மணி நேரத்துக்கான அளவு இருக்கிறது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 1.4 கிலோ குறைந்திருந்தால் உப்புச் சேர்த்து இரண்டு லிட்டர் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும்.

பெஞ்சில் அதிக நேரம் இருந்தவர்களை மறந்துவிடாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் அவர்களுக்கு ஆறு முறை 30 மீட்டர் பாய்ச்சல், நடுவே 20 வினாடி. இல்லையென்றால் இரண்டாவது வாரத்தில் திடீரென முழு ஆட்டம் ஆடச் சொல்லும்போது முதலில் பிடிப்பது அவர்களின் பின்தொடைதான்.