மடுவத்துத் தராசிலிருந்து மும்பை வரை

ஜூன் 2, திங்கள், தலவாக்கலை

விடாத மழை. எங்கள் தேயிலைத் தோட்டத்து மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் இடத்தில், எழுதும் கணக்கு போன வாரத்தோடு பதிவேட்டை விட்டு, மும்பையில் இருக்கும் ஒரு மேகத் தரவுத்தளத்துக்குப் போய்விட்டது. போஸ்ட்கிரெஸ். இனி அதைத் தரவை வரைபடமாகக் காட்டும் கிராஃபானா என்ற மென்பொருளோடு இணைத்து, பெரிய கிளாக்கர் ஐயா திரையில் பார்க்கும்படி செய்வது என் பொறுப்பு.

முகவரி, 5432 என்ற போர்ட் (சர்வரின் வாசல் எண்), தரவுத்தளத்தின் பெயர், பயனர், கடவுச்சொல். எல்லாம் நிரப்பிச் சோதித்தால், வெகுநேரம் சுற்றிவிட்டு நேரம் முடிந்தது என்கிறது. கடவுச்சொல்லை மூன்று தடவை திரும்ப அடித்தேன். அது வீண் வேலை என்று மாலையில்தான் புரிந்தது. கடவுச்சொல் பிழை என்றால் சர்வர் அதைச் சொல்லியிருக்கும். இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே வந்தால், பெரும்பாலும் அந்தப் போர்ட்டில் யாரும் இல்லை என்று பொருள். பதிலே வராமல் காத்துக் கிடந்தால் பெரும்பாலும் வழியில் எங்கோ தடுப்புச்சுவர் இருக்கிறது. பிழைச்செய்தியை முதலில் நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஜூன் 3, செவ்வாய்

ஆபீஸின் ஐபி முகவரியைத் தரவுத்தளத்தின் அனுமதிப் பட்டியலில் சேர்த்ததும் இணைந்துவிட்டது. மதியம் கரண்ட் போய் வந்தது, ரவுட்டர் திரும்ப எழுந்தது, இணைப்பு மறுபடி செத்தது. சிம் போட்ட ரவுட்டர். ஒவ்வொரு தடவையும் வேறு முகவரி வாங்கிக்கொள்கிறது.

எல்லா முகவரிக்கும் திறந்துவிடு, வேலை முடியும் என்றார் தெரிந்த ஒருவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தத் தரவுத்தளத்தில் தொழிலாளர்களின் அடையாள அட்டை இலக்கம், சம்பளம், சேமலாப நிதி இலக்கம் எல்லாம் இருக்கின்றன. என் அம்மாவின் பெயரும் இருக்கிறது. உலகத்துக்கே திறந்த போர்ட்டை இயந்திரங்கள் இராப்பகலாகத் தட்டிக்கொண்டே இருக்கும்.

ஜூன் 5, வியாழன்

கிராஃபானாவை ஆபீஸ் கணினியிலிருந்து எடுத்து, மும்பையிலேயே தரவுத்தளம் இருக்கும் அதே தனி வலையமைப்பில் ஒரு சின்னச் சர்வரில் வைத்தேன். தரவுத்தளம் இப்போது அந்த ஒரு சர்வருக்கு மட்டும்தான் கதவு திறக்கும். நாங்கள் உலாவியில் கடவுச்சொல் போட்டுப் பார்க்கிறோம். ரவுட்டர் எத்தனை முகவரி மாற்றினாலும் கவலை இல்லை.

குறியாக்க அமைப்பில் ‘ரிக்வயர்’ என்பதைத் தேர்ந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது தகவலை மறைத்து அனுப்பும், சரி. ஆனால் மறுமுனையில் இருப்பது நம் சர்வர்தானா என்று பார்க்காது. ‘வெரிஃபை ஃபுல்’ சான்றிதழையும் பார்க்கும், அதில் உள்ள பெயரையும் ஒப்பிடும். சேவை தருபவரின் மூலச் சான்றிதழை இறக்கிக் கொடுத்து அதையே வைத்தேன்.

ஜூன் 6, வெள்ளி

கிராஃபானாவுக்குத் தனிப் பயனர். வாசிக்க மட்டும் உரிமை. கிராஃபானா நாம் எழுதும் வினவலைச் சோதிக்காமல் அப்படியே அனுப்பும். அட்டவணையை அழி என்று எழுதினாலும் அனுப்பும். ஆகவே தடுக்க வேண்டியது தரவுத்தளம்தான்.

அந்தப் பயனருக்கு மூல அட்டவணைகளையும் காட்டவில்லை. மலை (கொழுந்து எடுக்கும் பகுதி) வாரியாகக் கிலோவைக் கூட்டித் தரும் காட்சிகள், அதாவது சேமித்து வைத்த வினவல்கள், இரண்டு எழுதி, அவற்றுக்கு மட்டும் உரிமை கொடுத்தேன். காட்சி அதன் உரிமையாளரின் அனுமதியில் ஓடுவதால், அடியில் இருக்கும் பெயர்களைத் தொட கிராஃபானாவுக்கு வழியே இல்லை. இந்த வாரத்தில் மிகவும் திருப்தியாக இருந்த வேலை இது.

ஜூன் 11, புதன்

ஐயா திரையை வெகுநேரம் பார்த்தார். “மகள், ஞாயிறு கொழுந்து எடுக்கல்ல. அப்ப திங்கட்கிழமை ஸ்டோர்ல உருட்ட என்ன இருந்திச்சு?”

வரைபடத்தில் திங்களுக்கு உருட்டல் காட்டியது. பகலில் எடுத்த கொழுந்து இரவெல்லாம் வாடி, மறுநாள் விடியுமுன்தான் எங்கள் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், உருளும். திங்கள் கொழுந்து செவ்வாய் அதிகாலை மூன்று மணிக்கு உருண்டிருக்கிறது. கிராஃபானாவின் நாள் தொகுப்போ உலகப் பொது நேரத்து நள்ளிரவில் நாளை வெட்டுகிறது. நமக்கு அது காலை 5.30. அதற்கு முன் நடந்ததெல்லாம் முந்திய நாளில் விழுந்துவிட்டது. என் கண்ணுக்குப் படவே இல்லை. ஐயாவுக்கு ஸ்டோர் தெரியும், அதனால் பிடித்தார்.

திருத்தும்போது ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிடலாம் என்று முதலில் எழுதினேன், அப்புறம் அழித்தேன். இலங்கையின் கடிகாரம் 1996 மே மாதம் ஆறரைக்கும், அதே ஆண்டு அக்டோபரில் ஆறுக்கும் போய், 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. பழைய பதிவேடுகளையும் ஏற்றப்போகிறோம். ‘ஏசியா, கொழும்பு’ என்று நேர வலயத்தின் பெயரைக் கொடுத்தால் இந்த மாற்றங்களை போஸ்ட்கிரெஸே பார்த்துக்கொள்கிறது.

ஜூன் 13, வெள்ளி

இரவு அம்மா கேட்டார்: “நான் எடுத்த கிலோ அதுல தெரியுமா?”

“மலைதான் தெரியும்மா. பேர் தெரியாது.”

“மத்தவங்க பார்க்க வேணாம். நான் பார்க்கலாம்தானே? மடுவத்துல தண்ணிக்குன்னு எவ்வளவு கழிச்சாங்கன்னு எனக்குத் தெரியணும்.”

கழிவுக்கு அட்டவணையில் தனிப் பத்தி இருக்கிறது. செக்ரோல் (சம்பளப் பதிவேட்டு) இலக்கத்துக்கு ஒரு வரிசையென, அவரவர் வரிசையை அவரவருக்கு மட்டும் காட்ட போஸ்ட்கிரெஸில் வழி உண்டு. திங்கட்கிழமை ஐயாவிடம் பேச வேண்டும்.