வாயுக் கோளாறு என்று எழுதியிருந்த சீட்டு

கடந்த மாதம் ஓர் இரவுப் பணியின்போது, 58 வயதுடைய ஓர் அம்மாவை அவருடைய மகள் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தார். மேல்வயிற்றில் எரிச்சல், இரண்டு முறை வாந்தி, புடவை நனையும் அளவுக்கு வியர்வை. கையிலிருந்த கிளினிக் சீட்டில் ‘வாயுக் கோளாறு’ என்று எழுதி, அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோப்ரசோல் ஊசி போட்டதையும் குறித்திருந்தார்கள். “நெஞ்சு வலிக்குதாம்மா?” என்று கேட்டேன். “நெஞ்செல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, வயிறுதான் எரியுது” என்றார். இதைக் கேட்ட பயிற்சி மருத்துவர், கொஞ்ச நேரம் கவனிக்கலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

அந்த அம்மாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அத்தகையவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, நெஞ்சு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். ரத்த அழுத்தம் 94/60, நாடித்துடிப்போ 50. குடற்புண்ணில் ரத்தம் கசிந்தாலோ கணைய அழற்சியாக இருந்தாலோ, அழுத்தம் இவ்வளவு இறங்கும்போது நாடி பெரும்பாலும் விரைந்தோடும். நாடியைக் குறைக்கும் மாத்திரை ஏதேனும் சாப்பிடுகிறாரா என்று மகளிடம் கேட்டு, மாத்திரை அட்டைகளையும் வாங்கிப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. சர்க்கரை நோயில் ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸிலும் வாந்தியும் வயிற்றுவலியும் வரும் என்பதால் சர்க்கரையையும் பார்த்தேன்: 214, வேகமான ஆழ்ந்த மூச்சும் இல்லை. என் சந்தேகம் இதயத்தின் மீதே திரும்பியது.

வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்திருக்க வேண்டும். இயந்திரத்தில் காகிதச் சுருள் தீர்ந்திருந்தது. பக்கத்து வார்டுக்கு ஓடினேன். இன்டென்ட் (கோரிக்கைச் சீட்டு) இல்லாமல் தர முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுபடியும் போய் வருவதற்குள் 20 நிமிடம் கரைந்துவிட்டது. அதற்குள், மாரடைப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான டிராப்போனின் அட்டைப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்ததைக் காட்டி, “பார்த்தீங்களா சிஸ்டர்” என்றார் பயிற்சி மருத்துவர். எரிச்சல் தொடங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை என்பதையும், முதல் சில மணி நேரங்களில் அது நெகட்டிவாக இருப்பது மாரடைப்பை விலக்காது என்பதையும் சொல்லிவிட்டு உடலில் ஒட்டும் ஈசிஜி லீடுகளைப் பொருத்தினேன்.

இதயத்தின் கீழ்ப்புறத்தைக் காட்டும் இரண்டு, மூன்று, ஏவிஎஃப் லீடுகளில் ஈசிஜி கோட்டின் எஸ்டி பகுதி தெளிவாக உயர்ந்திருந்தது; இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு. உடனே மூத்த மருத்துவரை அழைத்தேன். அவர் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லிவிட்டு, வலப்பக்க ஈசிஜியும் எடுக்கச் சொன்னார். வழக்கமாக இடது மார்பில் வைக்கும் வி4 லீடை வலது மார்பில் அதே இடத்துக்கு மாற்றி எடுத்ததில் அங்கும் உயர்வு தெரிந்தது. அதாவது வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருந்தது. இந்த நிலையில் பழக்கத்தில் கை போகும், ரத்தக்குழாய்களை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்திருந்தால், இருக்கும் அழுத்தமும் சரிந்திருக்கும். அதைத் தவிர்த்து, நுரையீரலைக் கவனித்தபடியே சலைன் ஏற்றினோம். அழுத்தம் 110க்கு ஏறிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இதைச் செய்யப்போகும் செவிலியர்களுக்கு ஒன்று: லீடை எங்கே வைத்தாலும் இயந்திரம் வி4 என்றே அச்சிடும். ‘வலது’ என்று பேனாவால் எழுதாவிட்டால், அடுத்து பார்ப்பவர் அதை இடப்பக்கப் பதிவாகவே படிப்பார். ஆஞ்சியோ வசதியுள்ள மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் கிளம்பும் முன், நானும் ஓடிப்போய் அந்தத் தாளில் எழுதிக் கொடுத்தேன். இப்போது பணி ஏற்கும்போது முதலில் ஈசிஜி காகிதம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலைகளைத் தொடங்குகிறேன்.